அம்மாவுக்கு ஒரு சொட்டு ஓய்வு!

உங்க வீட்டு மொட்டை மாடிக்குக் கடைசியா எப்போ போனீங்க பாஸ்? செல்போனைக் காதுல வெச்சுக்கிட்டு குறுக்கும் நெடுக்கும் நடந்ததெல்லாம் கணக்குல சேராது! அங்கே செடி இருக்கா? இருந்தா, அதுக்கு தினமும் தண்ணி ஊத்தறது யாரு? முக்கால்வாசி வீட்ல பதில் ஒண்ணுதான்... அம்மா.

ஈரோட்டுல எங்க வீட்லயும் அதே கதைதான். தக்காளி, கத்திரி, பச்சைமிளகாய், புதினா, அவரை, மல்லிகைன்னு மொத்தம் 32 தொட்டி. ஆனா மாடியில குழாய் கிடையாது. தண்ணி டேங்க் மட்டும் படிக்கட்டு ரூம் தலையில கம்பீரமா உட்கார்ந்திருக்கும். அதுல இருந்து தண்ணி பைப் வழியா கீழே பாத்ரூமுக்கு இறங்கும். அங்கே பிடிச்சு, அதே தண்ணியைத் திரும்ப மாடிக்குத் தூக்கிட்டுப் போவாங்க அம்மா. தினமும் எட்டு வாளி. ஒவ்வொரு வாளிக்கும் 19 படி!

போன செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போனா, அம்மா முழங்கால்ல கட்டு. 'மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கு. இனிமே வெயிட்டைத் தூக்கிட்டுப் படி ஏறாதீங்க'ன்னு டாக்டர் சொல்லிட்டாராம். "தொட்டியை எல்லாம் யாருக்காச்சும் குடுத்துரலாம்"னு அப்பா ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டாரு. அம்மா எதிர்த்துப் பேசலை. ராத்திரி பார்த்தா, காலண்டர் தாளோட பின்பக்கம் எந்தத் தொட்டி யாருக்குன்னு லிஸ்ட் எழுதிட்டிருந்தாங்க. எல்லாத்துக்கும் நேரா ஒரு பேர் இருந்துச்சு. மல்லிகைக்கு நேரா மட்டும் காலியா விட்டிருந்தாங்க.

எனக்குத் தூக்கம் வரலை. மறுநாள் காலையில கிளம்பிப் போன இடம், விவசாய பைப் கடை.

"எத்தனை ஏக்கருங்க?"ன்னார் கடைக்கார அண்ணன்.

"32 தொட்டிங்ணா!"

சிரிச்சார். ஆனா விரட்டலை. உட்கார வெச்சு பாடமே எடுத்தார். 'சொட்டு நீர்'னாலே தென்னந்தோப்புக்கும் கரும்புக்கும்தான்னு நாம நினைச்சுக்கறோம். ஒரு குழாய் ஒழுகின இடத்துல மட்டும் மரம் தளதளன்னு வளர்ந்திருக்கறதைக் கவனிச்ச சிம்கா பிளாஸ்ங்கற இஸ்ரேல் இன்ஜினீயர்தான் இதுக்கு வித்து போட்டவர். 1965-ல அது நெட்டாஃபிம்ங்கற கம்பெனியாவே வளர்ந்துச்சு. பாலைவனத்துக்கு ஒத்து வந்தது, நம்ம மொட்டை மாடி வெயிலுக்கு ஒத்து வராதா என்ன?

வாங்கின சாமான் ரொம்ப சிம்பிள். 16 மில்லிமீட்டர் கறுப்பு பைப் ஒரு சுருள், ஒவ்வொரு தொட்டிக்கும் பிரிஞ்சு போக மெல்லிசு டியூப், 32 ட்ரிப்பர், ஒரு ஃபில்டர், ஒரு வால்வு, ஓட்டை போட ஒரு பஞ்ச். டியூபும் கறுப்பாத்தான் இருக்கணும். கண்ணாடி மாதிரி இருந்தா வெளிச்சம் பட்டு உள்ளே பாசி பிடிக்கும். பில் 1,400 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. டேங்கில் இருந்து இறங்கற பைப்புல ஒரு 'டீ' போட்டு மாடியிலேயே வால்வு வைக்க மட்டும் பிளம்பரைக் கூப்பிட்டோம். மத்ததெல்லாம் நம்ம கைவேலை. சுருட்டின பைப்பை ஒரு மணி நேரம் வெயில்ல போட்டா சொன்ன பேச்சு கேட்கும். மெல்லிசு டியூப் முனையை சுடுதண்ணியில முக்கினா கனெக்டர் வழுக்கிட்டு உள்ளே போகும்.

இப்போ கொஞ்சம் கிளாஸ் ரூமுக்குள்ள வாங்க. நோட்டுல மட்டுமே பார்த்த 'பிரஷர் ஹெட்', எங்க மாடியில நிஜமா வேலை செஞ்சுது! 10 மீட்டர் உயரத் தண்ணி கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். எங்க டேங்க், தொட்டிகளுக்கு மேல 3 மீட்டர்தான். அப்போ 0.3 பார். கடையில விக்கிற ட்ரிப்பர்ல போட்டிருக்கற '4 லிட்டர்'ங்கற கணக்கு 1 பார் அழுத்தத்துக்கானது. சொட்டற அளவு அழுத்தத்தோட ஸ்கொயர் ரூட்டைப் பொறுத்து மாறும். அதனால நம்ம வீட்ல மணிக்கு ரெண்டு லிட்டர் சொட்டினாலே பெரிசு. அழுத்தத்தைத் தானே சரிபண்ணிக்கற விலை கூடின ட்ரிப்பரும் இருக்கு. ஆனா இவ்வளவு குறைஞ்ச அழுத்தத்துல அது ஒழுங்கா வேலை செய்யாது. மோட்டார் இல்லாத வீட்டுக்கு சாதா ட்ரிப்பரே ராஜா!

இன்னொரு டெக்னிக்கும் அண்ணன் சொன்னதுதான். பைப்பை ஒரே நீளமா இழுத்து மூடிட்டா, கடைசித் தொட்டிக்குத் தண்ணி குறையும். மாடியைச் சுத்தி வளையமா விட்டு, ஆரம்பிச்ச இடத்துலயே சேர்த்துட்டா ரெண்டு பக்கமும் தண்ணி வரும். பக்கத்துத் தொட்டியிலயும் தூரத் தொட்டியிலயும் டம்ளர் வெச்சு, கால் மணி நேரம் அளந்து பார்த்தேன். ரெண்டுலயும் கிட்டத்தட்ட அரை லிட்டர்!

வால்வைத் திறந்தப்போ அம்மா பக்கத்துல நின்னாங்க. "ஏஞ்சாமி, இது அழுவற மாதிரி சொட்டுது... செடிக்குப் பத்துமா?"ன்னு சந்தேகமா கேட்டாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு தக்காளித் தொட்டி மண்ணுல விரலை விட்டுப் பார்த்தாங்க. வேர் வரைக்கும் ஈரம். தொட்டிக்கு அடியில ஒழுகி வீணாகலை. முன்னாடி எட்டு வாளின்னா 96 லிட்டர். இப்போ 48 லிட்டர்லயே வேலை முடிஞ்சுது. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி ஏத்திட்டு வந்தாங்களே, அதைப் பார்த்த தலைமுறை நாம. அந்த மிச்சம் 48 லிட்டர் சின்ன விஷயமில்லை!

இதோட நிறுத்தியிருந்தா இது வெறும் பைப் கதை. "அடுத்து ஒரு டைமர் வாங்கி மாட்டிடறேன்மா. நீங்க மாடிக்கே வர வேண்டாம்!"னு பெருமையா சொன்னேன். அம்மா முகம் சுருங்கிடுச்சு.

"தண்ணி தூக்கறதுதான் கண்ணு கஷ்டம். மாடிக்கு வர்றது கஷ்டம்னு நான் எப்போ சொன்னேன்?"

யோசிச்சுப் பாருங்க. சமையல், துணி, அப்பாவோட டிபன் பாக்ஸ்னு ஓடற நாள்ல, அந்த மாடி மட்டும்தான் அவங்களுக்கே அவங்களுக்குன்னு இருந்த இடம். எட்டு வாளியைக் குறைக்கலாம். அந்த இடத்தை எடுத்துடக் கூடாது.

டைமர் வாங்கலை. இப்போ கைவீசிட்டு மெதுவா ஏறிப் போய், வால்வைத் திறந்துட்டு, பிளாஸ்டிக் சேர்ல காபியோட உட்கார்ந்துக்கறாங்க. கத்திரி இலைக்கு அடியில புழு இருக்கான்னு பார்க்கறாங்க. பக்கத்து மாடி அக்காகிட்ட பேசறாங்க. எங்க போர் தண்ணி உப்பு. அதனால வாரம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவறாங்க. அடைச்ச ட்ரிப்பரை ராத்திரி வினிகர்ல ஊறப் போடறாங்க. மெயின்டனன்ஸ் இன்ஜினீயரே அவங்கதான்! பேர் எழுதின அந்தக் காலண்டர் தாள் எப்பவோ குப்பைக்குப் போயாச்சு.

அடுத்த லீவுக்கு நீங்க ஊருக்குப் போறீங்கதானே? துணி மூட்டையை வாஷிங் மெஷின் பக்கம் தள்ளிட்டு, ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்க. ஆனா பைப் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி, "இதுல உங்களுக்கு எது கஷ்டம், எது பிடிக்கும்?"னு அம்மாகிட்ட கேட்டுடுங்க. ட்ரிப்பராவது நாலஞ்சு ரூபா. இந்தக் கேள்வி ஃப்ரீ பாஸ்!