தூங்கா நகரத்தில் தூக்க டப்பாவோடு ஒரு ராத்திரி!

'மதுரையில் ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து எழுதணும், யார் போறீங்க?' என்று ஆசிரியர் குழுவில் கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். காரணம் ஜிகர்தண்டா இல்லீங்க. என் பையில் இருந்த ஒரு குட்டி டப்பா!

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஹாஸ்டலில் எனக்கு ராத்திரி மூணு மணிக்கு முன்னாடி தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுத்தே பெட்ஷீட் கிழிஞ்சதுதான் மிச்சம். பார்த்துப் பரிதாபப்பட்ட ரூம்மேட், அமெரிக்காவில் இருந்து அவன் அண்ணன் கொண்டுவந்த மெலடோனின் டப்பாவை நீட்டினான். ஒரு மாத்திரை 10 மில்லிகிராம். "மாப்ள, இது நம்ம உடம்புலயே சுரக்குற ஐட்டம்டா. சைடு எஃபெக்டே கிடையாது!"

மறுநாள் காலை சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் இன்டர்னல். ராத்திரி ரெண்டரைக்கு ஒண்ணை முழுங்கிட்டு, தூக்கம் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு செல்போனைக் கையில் எடுத்தேன். கண்ணு மூடினப்போ மணி நாலு. எட்டே முக்காலுக்கு ரூம்மேட் முகத்தில் தண்ணி அடிச்சு எழுப்பினான். தலைக்குள்ள ஈரச் சாக்கு மூட்டையை இறக்கி வெச்ச மாதிரி ஒரு கனம். ஃபூரியர் கேட்ட இடத்தில் லாப்லாஸ் எழுதி, 50க்கு 11 வாங்கினேன்.

அது கூடப் பரவாயில்லை. அன்னிக்கு மத்தியானம் பைக் ஓட்டும்போது கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி உட்கார்ந்திருந்த ஜூனியர் முதுகில் ஓங்கி அடிச்சதால் இந்தக் கட்டுரையை எழுதிக்கிட்டு இருக்கேன். அதுக்கப்புறம் அந்த டப்பாவைத் தூக்கிப் போடவும் மனசு வரலை, இன்னொண்ணு போடவும் தைரியம் வரலை. சரி, தூக்கத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க தூங்கா நகரத்தைவிட்டா வேற ஊர் ஏதுன்னு கிளம்பிட்டேன்!

இரவு 9.15 - மீனாட்சி அம்மன் கோயில்

செல்போனை வெளியே ஒப்படைச்சிட்டுத்தான் உள்ளே போகணும். 2018-ல் இருந்து இதான் ரூல். கையில் போன் இல்லாம முதல் பத்து நிமிஷம் ஒரு விரலே காணாமல் போன மாதிரி இருந்துச்சு.

மேளச் சத்தம் கேட்டுத் திரும்பினா, வெள்ளிப் பல்லக்கு வருது. சுந்தரேஸ்வரரின் பாதம் அதில் ஏறி, மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகுது. சாம்பிராணிப் புகை, பாட்டு, தீபாராதனை... எல்லாம் முடிஞ்சு கதவைச் சாத்துறாங்க. பக்கத்தில் நின்ன பாட்டி கன்னத்தில் போட்டுக்கிட்டே, "தினமும் இதே நேரந்தான் தம்பி. ஒருநாளும் தவறாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஊருக்குப் பேரு தூங்கா நகரம். ஊரோட ராஜாவும் ராணியும் மட்டும் டைமுக்கு டாண்ணு தூங்கப் போயிடுறாங்க!

இரவு 11.00 - பருத்திப்பால் வண்டி

மாசி வீதி ஓரம் தள்ளுவண்டி. சுக்கும் கருப்பட்டியும் மணக்க, ஆவி பறக்கும் பருத்திப்பால். சங்க காலத்து 'மதுரைக்காஞ்சி'யில் பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைத்தெருவுக்கு அல்லங்காடின்னு பேர். ஆக, இந்த ஊர் ராத்திரியில் முழிச்சிருக்கிறது நேத்து இன்னிக்கு சமாச்சாரம் இல்லை.

பெரியம்மா மகள் அக்கா இந்த ஊரில்தான் ஹவுஸ் சர்ஜன். நைட் டியூட்டிக்குப் போற வழியில் என்னைப் பார்க்க வந்திருந்தாங்க. டப்பாவை எடுத்து நீட்டினேன். லேபிளைப் பார்த்ததும் முறைச்சாங்க.

"பத்து மில்லிகிராமா? அதுவும் ராத்திரி ரெண்டரைக்கா? டேய், நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே? உன் பாஷையிலயே சொல்றேன். மெலடோனின் பவர் சப்ளை இல்லடா, க்ளாக் சிக்னல்!"

அக்கா எடுத்த பாடத்தின் சுருக்கம் இதுதான். மூளைக்குள் அரிசி சைஸில் பினியல்னு ஒரு சுரப்பி. கண்ணில் படுற வெளிச்சம் குறைஞ்சதும், மூளையின் மாஸ்டர் கடிகாரம் இதுக்குத் தகவல் அனுப்பும். உடனே மெலடோனின் சுரந்து, 'ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடும். அவ்வளவுதான் அதோட வேலை. ஆளை அடிச்சுப் போடுற தூக்க மாத்திரை இல்லை. 1958-ல் ஆரன் லெர்னர் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர், தவளைத் தோலை வெளுக்க வைக்கிற பொருளைத் தேடி மாடுகளின் பினியல் சுரப்பியை அலசினப்போ கிடைச்சது இது. தேடினது தோலுக்கு, கிடைச்சது கடிகாரத்துக்கு!

"அப்போ இதனால பிரயோஜனமே இல்லையாக்கா?"

"யார் சொன்னா? கடிகாரம் தப்பிப் போனவங்களுக்கு நல்லாவே உதவும்."

அஞ்சு, ஆறு டைம் ஜோன் தாண்டிப் பறக்கிறவங்களோட ஜெட்லாக் முதல் கேஸ். 2002-ல் வந்த காக்ரேன் தொகுப்பில் பத்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஒன்பதில் பலன் தெரிஞ்சிருக்கு. அதுக்கு அரை மில்லிகிராமில் இருந்து அஞ்சு மில்லிகிராமே போதுமாம். வெளிச்சமே தெரியாத பார்வையற்றவர்கள் சிலருக்கு உடம்புக் கடிகாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா நழுவிக்கிட்டே போகும். அதைக் கட்டி நிறுத்தவும் உதவும். என்னை மாதிரி தூக்க நேரமே தள்ளிப் போன கேஸ்களுக்கும் டாக்டர்கள் கொடுக்கிறது உண்டு. ஆனா, படுக்கப் போறப்போ இல்லை. குறைஞ்ச அளவில், சில மணி நேரம் முன்னாடி. நேரம் தப்பிப் போட்டா, கடிகாரம் முன்னாடி நகர்றதுக்குப் பதிலா இன்னும் பின்னாடி போயிடலாம்!

சாதாரணமா தூக்கம் வராதவங்களுக்கு? 2013-ல் 19 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்காங்க. மெலடோனின் போட்டவங்க சராசரியா ஏழு நிமிஷம் சீக்கிரம் தூங்கியிருக்காங்க. மொத்தத் தூக்கம் எட்டு நிமிஷம் கூடியிருக்கு. ஏழு நிமிஷம்! நான் ஒரு ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்தா எந்திரிக்க அரை மணி நேரம் ஆகுதே பாஸ்!

"சரி, சைடு எஃபெக்ட்?"

"நீ அனுபவிச்சதே போதாதா? மறுநாள் மந்தம், தலைவலி, தலைசுத்தல், குமட்டல். பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா அந்த மந்தத்தோட வண்டி ஓட்டக் கூடாது." சொல்லும்போது அக்கா சிரிக்கலை. "ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்க, வலிப்பு, சுகர், பிரஷருக்கு மருந்து எடுக்கிறவங்க, மன அழுத்தத்துக்கு மாத்திரை போடறவங்க, கர்ப்பிணிகள்... இவங்க எல்லாம் டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. வருஷக்கணக்கா போட்டா என்ன ஆகும்னு இன்னும் சரியான தகவலும் இல்லை."

அதோட முடியலை. பிரிட்டனில் இதை வாங்க டாக்டர் சீட்டு வேணும். அமெரிக்காவில் 1994 சட்டத்தின்படி இது மருந்தே இல்லை, சத்துப்பொருள் கணக்கு. அதனால் லேபிளுக்கும் உள்ளே இருக்கிறதுக்கும் ஏழாம் பொருத்தம். 2017-ல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதிச்சதில், லேபிளில் போட்டதைவிட 83 சதவிகிதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவிகிதம் அதிகமாக இருந்ததும் உண்டு. 2023-ல் அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் கம்மி மிட்டாய்களைப் பார்த்தாங்க. 22-ல் லேபிள் தப்பு. ஒண்ணில் மெலடோனினே இல்லை!

பின்னிரவு 2.00 - மாட்டுத்தாவணி

அக்கா டியூட்டிக்குப் போயாச்சு. காய்கறி மார்க்கெட்டில் லாரி லாரியாகச் சரக்கு இறங்குது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டாக் கல்லில் தாளம் ஓயலை. ஒரு டீக்கடையில், தலையில் சும்மாடு கட்டிய அண்ணன் ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தேன். பதினெட்டு வருஷமா ராத்திரி மூட்டை தூக்குறார்.

"எப்பண்ணே தூங்குவீங்க?"

"காலைல எட்டு மணிக்குப் படுத்தா மதியம் ரெண்டு மணி வரைக்கும். வீட்டுக்காரி ஜன்னல்ல கருப்புப் போர்வையக் கட்டிவிட்ருவா. புள்ளைக சத்தம் போடாதுக. தெருவே அமுந்து போயிரும்."

"லீவு நாள்ல?"

"அன்னைக்கும் அதே நேரந்தான். மாத்துனா அடுத்த நாலு நாளைக்குச் செத்துருவேன்ல!"

மெலடோனின்ங்கற பேரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனா, இருட்டையும் நேரத்தையும் கையில் வெச்சிருக்கார். கிளம்பும்போது அவரே சொன்னார், "எம்புட்டுத் தூங்குனாலும் ராத்திரித் தூக்கம் மாதிரி வராது தம்பி. பய படிச்சு பகல் வேலைக்குப் போயிட்டாப் போதும்."

அவர் சொல்றதில் விஷயம் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, நைட் ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-லும் அதையே உறுதி பண்ணிச்சு. அவர் குடும்பத்துக்காகத் தூக்கத்தை விற்கிறார். நான் எதுக்காக விற்கிறேன்?

காலை 6.00 - சமணர் மலை

பஸ் பிடிச்சுக் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம். மேலே செட்டிப்பொடவில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர். சூரியன் மறைஞ்சதும் சாப்பாட்டையே நிறுத்திடுற சமணத் துறவிகள் வாழ்ந்த மலை இது.

நான் இங்கே வந்ததுக்கு வேற காரணம் உண்டு. பக்கத்தில்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். உயிர்களின் உடம்புக் கடிகாரத்தை ஆராய்ச்சி பண்ணி உலக அளவில் பேர் வாங்கின பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழு வேலை செஞ்சது அங்கேதான். கடிகாரம், சூரியன் எதுவும் இல்லாத அறையில் மனுஷங்களைத் தங்கவெச்சு அவங்க தூக்கத்தைக் கணக்கெடுத்தாங்க. வெளிச்ச நேரத்தை மாத்திவிட்டா, மெலடோனின் கொடுத்த வயல் எலிகள் புது நேரத்துக்குச் சீக்கிரம் பழகுதுன்னு 1996-ல் கட்டுரை எழுதினதும் மதுரைக்காரங்கதான். தூங்கா நகரம் தூக்கத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கு பாஸ்!

எனக்குப் பிடிச்சது 1981-ல் வந்த வௌவால் ஆராய்ச்சி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குகை. உள்ளே பகலும் இருட்டு, ராத்திரியும் இருட்டு. அதில் ஒரு வௌவாலைக் கூண்டில் தனியா வெச்சாங்க. சூரியனே தெரியாவிட்டாலும், மத்த வௌவால்கள் குகைக்குள் போய் வந்துக்கிட்டு இருந்தவரைக்கும் கூண்டு வௌவாலும் சரியான நேரத்துக்கு முழிச்சது. கூட்டம் இல்லாத இடத்தில் அதோட நேரம் தினமும் நழுவ ஆரம்பிச்சுடுச்சு. சுத்தி இருக்கிறவங்க பழக்கத்தைப் பார்த்தே அது தன் கடிகாரத்தைத் திருப்பி வெச்சிருக்கு!

பாறையில் உட்கார்ந்து யோசிச்சேன். மனுஷனுக்கு முதல் கடிகாரம் வெளிச்சம்தான். ஆனா, என் ஹாஸ்டல் விங்கும் ஒரு குகைதானே? பகலெல்லாம் ஸ்க்ரீன் மூடின ரூம், ராத்திரியெல்லாம் ட்யூப்லைட். ரெண்டு மணிக்கு நூடுல்ஸ், மூணு மணிக்கு அரட்டை. முப்பது வௌவால்கள் முழிச்சிருக்கிற குகையில் ஒரு மாத்திரை மட்டும் தனியா நின்னு 'ராத்திரி ஆயிடுச்சு'ன்னு கத்தினா யாருக்குக் கேட்கும்? கண்ணெதிரே செல்போன் வெளிச்சம் 'இல்லை, இன்னும் பகல்தான்'னு சொல்லிக்கிட்டு இருக்கே!

எதிரே சூரியன் மேலே வந்துச்சு. காலை வெயில் முகத்தில் பட்டு எத்தனை மாசம் ஆச்சு? யோசிச்சுப் பார்த்தேன், ஞாபகமே இல்லை.

கடைசியா...

டப்பாவை அக்காகிட்டேயே கொடுத்துட்டு வந்தேன். "மூணு வாரம் நான் சொல்றதைச் செய். அப்பவும் சரியாகலைன்னா நல்ல டாக்டரைப் பாரு. மாத்திரை வேணுமா, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு அவங்க சொல்லட்டும்" என்றாங்க.

காலை ஏழு மணிக்கு மொட்டைமாடி வெயிலில் இருபது நிமிஷம். மத்தியானத்துக்கு மேல் டீ, காபி கட். ராத்திரி பதினொண்ணரைக்கு செல்போனை அலமாரிக்குள் வெச்சுப் பூட்டி, சாவி ரூம்மேட் கையில். முதல் வாரம் நரகம். ரெண்டாவது வாரம் விங்கே கலாய்ச்சுது. மூணாவது வாரம் பன்னிரண்டரைக்குக் கண்ணு தானா சொக்குச்சு. ரெண்டாவது இன்டர்னலில் 50க்கு 32. முதல் இன்டர்னலில் போனது போனதுதான், அதை எந்த மாத்திரையும் திருப்பித் தராது.

நேத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரூம்மேட் கேட்டான், "மாப்ள, லைட்டை ஆஃப் பண்ணிடவா? எனக்கும் தூக்கம் வருது."

ஒரு வௌவால் செட் ஆயிடுச்சு. இன்னும் இருபத்தெட்டு பாக்கி!