நமுத்த வெடி

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் செல்லும் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கையில் தூக்குவாளியுடன் பெண்கள் வரிசையாகப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், “ஆபீசுக்கு” என்பார்கள். தீப்பெட்டி செய்யுமிடம் தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் அச்சாபீஸ், பட்டாசுத் தொழிற்சாலை பயராபீஸ். நாற்காலியும் மேசையும் இல்லாத ஆபீஸ் அது! ரப்பர் விரிப்பில் அமர்ந்து, குனிந்த தலை நிமிராது மருந்து செலுத்துவோரின் ஆபீஸ். அகராதி தொகுத்த புலவர் எவரும் படைத்த சொல்லன்று. தம் உழைப்புக்குத் தாமே சூட்டிக்கொண்ட மரியாதை.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில், பின்னாளில் பட்டாசாகவும் அச்சாகவும் கிளை விரித்த வரலாறு வாசகர்கள் அறிந்ததே. ‘குட்டி ஜப்பான்’ என்னும் பட்டத்தை நேரு அளித்ததாகச் சொல்வார்கள். என் மனத்தைக் கவர்வதோ, இங்கிருந்து சரக்கோடு சரக்காகத் தமிழ்நாடெங்கும் புழங்கும் சொற்கள். ஓயாமல் பேசுகிறவர் சரவெடி. ஆரவாரமாகத் தொடங்கி ஒன்றுமில்லாமற் போவது புஸ்வாணம். இங்கே கேட்டதை அங்கே சொல்லி இரு குடும்பங்களைப் பகையாக்குபவர் ‘பற்ற வைப்பவர்’. கோள் சொல்வதன் கேட்டை நான் அரைமணி நேரம் பயான் செய்தாலும் இந்த இரு சொற்களின் கூர்மை அதற்கு வராது. பற்ற வைப்பவன் எப்போதும் தள்ளித்தானே நிற்கிறான்!

வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளோடு சரவெடிகளையும் தடை செய்தது. 2023இலும் அத்தடையைத் தளர்த்த மறுத்துவிட்டது. பொருளுக்குத் தடை வந்தபின்னும் பட்டப்பெயர் மட்டும் உரிமம் இன்றி உலவுகிறது.

இனிச் சொல்லப்போவது என் பிழை. எங்கள் மக்தபில் ஓதும் நாரணாபுரத்துச் சிறுவன் ஒருவன், ஒரே ஆயத்தில் மூன்று நாள்களாகத் தடுமாறினான். நான்காம் நாள் என் வாய் தவறியது. “நீ என்ன, நமுத்த வெடியா?” என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அன்றே அது அவன் பெயராயிற்று. மறுநாள் முதல் அவன் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்தபின், அஸருக்குப் பிறகு நானே நாரணாபுரம் சென்றேன். புரட்டாசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. வேப்பமரங்களுக்கு அப்பால் தீப்பெட்டிகளை எட்ட எட்ட வைத்தாற்போலச் சிறுசிறு அறைகள். ஓர் அறையில் நால்வருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓரறையின் தீ மறு அறைக்குத் தாவாதிருக்கவே அத்தனை இடைவெளி. ஈரத்தில் மருந்து காயாது என்பதால் அன்று வேலை இல்லை.

சிறுவனின் தாயார் திண்ணையில் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். முக்காட்டைச் சரிசெய்த விரல்களில் அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு. நகக்கண்ணில் ஏறியது எளிதில் போவதில்லை போலும். நான் வந்த காரணத்தைச் சொன்னேன்.

“அவன் படிப்புல மந்தந்தான் ஹஜ்ரத், திட்டுங்க, அடிங்க” என்றார். “ஆனா அந்தப் பேரு வேணாம். எங்க வீட்டுல வெடிங்கிற சொல்லை விளையாட்டுக்குக்கூட எடுக்க மாட்டோம்.”

அவர் அக்கா மகன் முதலிப்பட்டியில் போனவனாம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த அவ்விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கென ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. அவனும் அப்படி ஓடியவன்தானாம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு முழுவதிலும் அவர் ‘மருந்து’ என்றே சொன்னார், ‘சரக்கு’ என்றார், ‘வேலை’ என்றார். அந்த ஒரு சொல்லை முதலில் சொன்னதோடு சரி.

சிறுவன் கதவின் பின்னே நின்றிருந்தான். அவன் தாயாரின் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியனுக்கு அது எளிதாயில்லை. அவன் நெடுநேரம் என் மண் அப்பிய செருப்பையே பார்த்திருந்துவிட்டு, “நீங்க சொல்ல மாட்டீங்க ஹஜ்ரத். பசங்க?” என்று கேட்டான்.

என்னிடம் விடை இல்லை. இஞ்சித் தேநீர் வந்தது. குடித்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவன் பாடத்துக்கு வந்தான். அதே ஆயத்தில் மீண்டும் தடுமாறினான். பின்வரிசையிலிருந்து ஒருவன் “நமு...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.