ஒற்றை ஆளும் ஒரு மரக்காலும்

கல்யாண வீட்டில் பந்தக்கால் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய மூங்கில்தான். அதற்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பத்துப் பேர் சேர்ந்து பிடித்து நிறுத்துவார்கள். அதே வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கு நிஜமான கனமுள்ள கால் ஒன்றை நட வேண்டுமென்றால், கைகொடுக்க ஒருவரும் அகப்படமாட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் பிள்ளையார்குப்பம் இருக்கிறது. அங்கே ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததல்லவா? அதில் விழுந்த வேப்பமரத்தை அறுத்து, அதே புயலில் சாய்ந்த கொட்டகைக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தார் அடுத்த வீட்டுப் பெரியவர். வயது அறுபத்தைந்துக்கு மேல். பிள்ளைகள் வெளியூரில். ஒவ்வொரு காலும் 12 அடி நீளம், 7 அங்குலக் கனம். எடை ஏறக்குறைய 70 கிலோ.

"சொன்னா கேக்கறாரா, பாருங்க! போன வருசம் இடுப்பு பிடிச்சிகினு ஒரு மாசம் படுத்திருந்தாரு" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்.

"நான் எங்க தூக்கறேன்? மரந்தான் தானா ஏறுது" என்றார் பெரியவர்.

வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். அரை மணி நேரம் பார்த்த பிறகு அதுதான் உண்மை என்று விளங்கியது.

குழி 3 அடி ஆழம். நீளத்தில் கால் பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, எதிர்ப்பக்கத்தில் ஒரு பலகையை நிறுத்தியிருந்தார். மரத்தின் அடி சரிவில் இறங்கிப் பலகையில் முட்டிக்கொள்ளும். மண்ணைக் குத்திப் பெயர்க்காது. நுனியில் மூன்று கயிறுகள். பக்கக் கயிறுகள் இரண்டுக்கும் குழிக்கு நேராக இருபுறமும் முளை அடித்திருந்தார். அதனால் மரம் எழும்போது அவை இறுகவுமில்லை, தொய்யவுமில்லை. மூன்றாவது, மரம் நிமிர்ந்ததும் அப்பால் சாயாமல் பிடித்துக்கொள்ள. இவ்வளவும் மரத்தை அசைப்பதற்கு முன்பே.

பிறகு கடப்பாரையால் நுனியை ஒரு சாண் நெம்பி, அடியில் கட்டை கொடுத்தார். மறுபடி நெம்பல், மறுபடி கட்டை. இடுப்பளவு வந்ததும் முட்டு: இரண்டு சவுக்குக் கழிகளைக் கத்தரிக்கோல்போல் கட்டியது. ஒற்றைக் கழி பக்கவாட்டில் சாயும். கத்தரி அவ்வளவு எளிதில் சாயாது. அதன் கால்களை மாற்றி மாற்றிக் குழிப்பக்கம் நகர்த்த, மரம் மெல்ல எழுந்தது. நெட்டை முட்டு அணைந்த பிறகே குட்டை முட்டை எடுத்தார்.

நுனியைத் தரையிலிருந்து எடுக்கப் பாதி எடை தூக்கினால் போதும். அதை நம்பித் தோள் கொடுத்து, அடியை நோக்கி நடந்தால்தான் வம்பு. பிடிக்கும் இடம் உள்ளே வர வர, பாதி வழியில் கனம் பாதிக்கு மேல் ஏறிவிடும். தோளில் மரம், காலடியில் குழி. விடவும் முடியாது, வைக்கவும் முடியாது. பெரியவரோ அந்தக் கட்டத்தில்தான் மரத்துக்கு ஒதுங்கி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்!

"எப்ப கைய எடுத்தாலும் அது அங்கியே நிக்கணும், தம்பி. நிக்காதுன்னா அடுத்த சாண் ஏத்தக் கூடாது."

1586இல் ரோமாபுரியில் டொமெனிக்கோ ஃபோன்டானா என்ற கட்டடக் கலைஞர், 300 டன்னுக்கு மேற்பட்ட எகிப்தியக் கல்தூண் ஒன்றை நிறுத்தினார். ஏறத்தாழ 900 ஆட்கள், எத்தனையோ குதிரைகள். எக்காளம் ஊதினால் இழுக்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். தனியாக வேலை செய்பவனுக்கு எக்காளமும் அவனே, மணியும் அவனே. மணி அடிக்க மறந்தால், நினைவூட்ட ஆளில்லை.

மரம் குழியில் இறங்கி நிமிர்ந்தது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, அரையடிக்கு அரையடி மண் போட்டு இடித்தார். இடித்து முடியும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை.

நடுவே நிற்க வேண்டிய 16 அடிக் கால்கள் இரண்டு ஓரமாகக் கிடந்தன. அவற்றைக் கேட்டேன்.

"அதுக்கு என் முட்டு எட்டாது. ஞாயித்துக்கிழமை மச்சானும் அவரு புள்ளைங்களும் வராங்க."

அந்த அம்மாள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். "அதுக்காச்சும் ஆளு கூப்பிட மனசு வந்துதே!" என்றார்.