காம்பவுண்டுக்குள் ஒரு மின் நிலையம்

மின்சாரத்தில் மைசூர் சமஸ்தானத்துக்கு ஒரு மூத்த பிள்ளையின் பெருமை உண்டு. சிவசமுத்திரத்தில் காவிரியை டர்பைன்களுக்குள் இறக்கி, 1902ல் சுமார் 150 கி.மீ. தூரத்திலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிய ராஜ்யம் அது. திட்டத்துக்கு முன்நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். பலனைப் பார்க்காமலே 1901ல் காலமானார். பெங்களூர் தெருக்களுக்கு 1905லும், மைசூர் நகருக்கு 1908லும் மின்விளக்கு வந்தது.

பெருமை இருந்தது, மின்வெட்டும் இருந்தது. தண்ணீரை நம்பிய மின்சாரம் மழையை நம்பிய மின்சாரம். பருவமழை பொய்த்து ஷராவதி நீர்த்தேக்கம் இறங்கினால், எங்கோ இருக்கும் மைசூர் வீட்டில் மின்விசிறி நிற்கும். 1990களில் நடுத்தர வர்க்கம் இதற்குக் கண்ட பதில், ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும்.

ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்தத் தமிழர் அப்படி ஒன்றை வாங்கியது மகளின் பியூசி தேர்வுக்காக. இயந்திரத்தின் சுபாவம் அவருக்குச் சுலபமாகப் புரிந்தது. கணக்கும் போட்டுவிட்டார்: 650 வி.ஏ. இயந்திரம் இரண்டு டியூப்லைட், இரண்டு மின்விசிறி, ஒரு டிவியைத் தாங்கும். ஃபிரிட்ஜ் கூடாது, ஓடும்போது கொஞ்சமாகக் குடிக்கும் அதன் மோட்டார், கிளம்பும்போது பல மடங்கு கேட்கும். மிக்ஸியும் கூடாது. சட்னிக்கு அம்மிதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அவர் கணக்கில் வராத விஷயங்கள் இரண்டு. முதலாவது, புகை. மழை பெய்த ஒரு இரவில் இயந்திரம் நனையுமே என்று பின்கட்டு நடையில் வைத்து ஓட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. அரை மணி நேரத்தில் மகளுக்குத் தலைவலி, மனைவிக்குக் குமட்டல். "முதல்ல அதை வெளியே தள்ளுங்க. பொண்ணு பரீட்சை எழுதாட்டாலும் பரவாயில்லை" என்றார் அந்த அம்மாள். அன்று அந்த வீட்டைக் காப்பாற்றியது அந்த வார்த்தைதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூடத் தெரியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பனியில் உறைந்து மின்சாரம் நின்றபோது, கராஜுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஜெனரேட்டர் ஓட்டிய குடும்பங்கள் இதே வாயுவுக்குப் பலியாயின. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்பது விதி. காம்பவுண்டுச் சுவர்கள் நெருங்கி நிற்கும் நம் ஊர் மனைகளில் அந்த 20 அடி பெரிய தூரம். நம் வீட்டிலிருந்து தள்ளி வைத்தால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அருகே போய்விடும். சத்தத்துக்காக வரும் சண்டையில் பாதி நியாயம் இந்தப் புகையுடையது.

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல ஒரு லைன்மேன் வர வேண்டியிருந்தது. ஜெனரேட்டரின் மின்சாரத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தது, இரு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர் வழியாக. ஒரு முனை இயந்திரத்தில், மறு முனை சுவர் சாக்கெட்டில். மெயினை மறக்காமல் அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்பது அவர் நம்பிக்கை. தெருக்கோடிக் கம்பத்தில் ஏற வந்த லைன்மேன், இருண்ட தெருவில் ஒரு வீடு மட்டும் வெளிச்சமாக இருப்பதைப் பார்த்து ஏணியைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே வந்து ஒயரைப் பார்த்தார். "ஒரு நாள் நீங்க மறந்தா போதும் சார். மேலே இருக்கிறது நான்" என்றார், பாதிக் கன்னடம் பாதித் தமிழில்.

மெயினை அணைக்காமல் விட்டால் வீட்டு மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். அங்கே வேறு சுமை இல்லாவிட்டால், 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் இப்போது எதிர்த்திசையில் வேலை செய்து அதை ஏற்றிவிடும். செத்த கம்பி என்று நம்பித் தொடுகிறவர் சாவார். பரிகாரம் மலிவானது: வீடு ஒரு நேரத்தில் ஒரு மூலத்தோடு மட்டுமே சேரும்படி செய்யும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மனிதனின் ஞாபகத்தை அது நம்புவதில்லை. அந்த வாரமே பிட்டர் அதைப் பொருத்தி, இரட்டை முனை ஒயரை வெட்டிப் போட்டார்.

இன்று அந்தத் தெருவில் கயிறு இழுக்கும் சத்தம் அரிது. சத்தமும் புகையும் இல்லாத இன்வர்ட்டர் ஜெயித்துவிட்டது. ஆனால் கோடை மழைக்கு முந்தைய காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். அப்போது பழைய இயந்திரங்கள் வெளியே வருகின்றன. மழை குறைந்த 2023ல் கர்நாடகம் மறுபடி மின் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. சொந்தமாக மின்சாரம் தயாரிப்பவர் யாராக இருந்தாலும், அவர் கையில் இருப்பது சிறிய அளவில் ஒரு மின் நிலையம்தான். மின் நிலையத்துக்கு உள்ள பொறுப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது: பக்கத்து அறையில் தூங்குகிறவருக்கும், கம்பத்தின் உச்சியில் நிற்கிறவருக்கும்.