ஹெரால்டுக்கு முதல்ல பீடிங், அப்புறம்தான் பெயிண்ட்

பழைய கார் வெச்சிருக்கறவங்ககிட்ட எல்லாரும் பெயிண்ட்டைப் பத்திதான் கேப்பாங்க. என்ன கலர், எங்க அடிச்சீங்க, எவ்வளவு ஆச்சு... கண்ணாடியைச் சுத்தி ஒரு கறுப்பு ரப்பர் இருக்கே, அதை யாரும் விசாரிச்சு நான் பாத்ததில்லை. ஆனா நம்ம ஊர்ல பழைய வண்டியைக் கொல்றது, அந்த ரப்பருக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கற தண்ணிதான். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய புராணம். பொறுத்தருள்க :-)

எங்க வீட்டு வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டினது. மந்தைவெளி வீட்டு போர்ட்டிகோவுலயே பாதி ஆயுசைக் கழிச்சிடுச்சு. போன வருஷம் அந்த வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டக் குடுத்தோம். நாங்க குடி போன அடையாறு வாடகை வீட்டுல மூடின பார்க்கிங் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை மொத்தத்தையும் வண்டி வெட்டவெளியில வாங்கிக்கணும். "தாங்கும்னா வெச்சுக்கோ. இல்லேன்னா புதுப்பேட்டைக்கு அனுப்பிடு"ன்னு அண்ணன் சொல்லிட்டார். அப்பா ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்தது.

ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. 1961-லேர்ந்து இங்கேயே தயாரானது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த அந்த ஸ்டாண்டர்ட் ஃபேக்டரி இடத்துல இப்ப ஐ.டி. கட்டடங்கள். வண்டியோட பூர்வீகம் இங்கிலாந்து. 1959-ல வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அப்போ அந்தக் கம்பெனிக்கு முழு பாடியை ஒரே இடத்துல செஞ்சு குடுக்க ஆள் கிடைக்கலை. அவங்களுக்கு பாடி செஞ்சுட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. அதனால பாடியைத் துண்டு துண்டா செய்ய வெச்சு, சேஸிஸ் மேல போல்ட் போட்டு சேத்தாங்க. ரிப்பேருக்கு இது வரம். மழைக்கு? ஒவ்வொரு இணைப்பும் தண்ணிக்கு ஒரு வாசல்.

எங்க வண்டிக்குச் சில வருஷம் முன்னாடி ஒரு ஷெட்ல பெயிண்ட் அடிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டாம, ரப்பர் மேல நியூஸ்பேப்பர் ஒட்டி ஸ்ப்ரே பண்ணிட்டாங்க. பாக்க பளபளன்னு இருந்தது. ரெண்டாவது மழையில ரப்பர் ஓரமா சின்னச் சின்ன கொப்புளம். பெயிண்ட்டோட விளிம்பு ரப்பர்கிட்டயே முடிஞ்சிடறதால, அந்த விளிம்புக்குக் கீழ தண்ணி நுழைஞ்சு உள்ளேர்ந்து துரு கிளம்புது. வெளியில தெரியறப்ப உள்ள வேலை முடிஞ்சிருக்கும். கடல்காத்து உப்பு வேற கூடமாட ஒத்தாசை.

இந்தத் தடவை பெயிண்ட் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி தண்ணி வர்ற வழியைத் தேடினோம். செலவே இல்லாத மூணு சோதனை:

கதவு இடுக்குல ஒரு காகிதத் துண்டை வெச்சு மூடி, இழுத்துப் பாருங்க. சுலபமா வந்துட்டா அங்க பீடிங் அழுத்தலைன்னு அர்த்தம்.

உள்ள கண்ணாடி ஓரமா டால்கம் பவுடர் தூவிட்டு, வெளியில ஹோஸ்ல தண்ணி விடுங்க, கீழேர்ந்து மேல. பவுடர்ல கோடு விழற இடம்தான் ஓட்டை.

ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கதவு அடிப்பகுதியில ஒட்டிப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ள தகரம் இல்லை, பட்டிதான்.

எங்க வண்டியில காந்தம் ரெண்டு கதவுல வழுக்கி விழுந்தது. ஏன்னு டிங்கர் பாய் காட்டினார். கதவுக்குள்ள தண்ணி போறது சகஜம்தான். கண்ணாடி இறங்கற இடுக்கு வழியா போயி, அடியில இருக்கற சின்ன ஓட்டை வழியா வெளியே வந்துடணும். அப்படித்தான் டிசைனே. அந்த ஓட்டையைப் பட்டி போட்டு "நீட்டா" அடைச்சிருந்தாங்க! கதவு தொட்டி ஆயிடுச்சு.

அடுத்தது ரப்பர். முன் கண்ணாடி ரப்பர் மாதிரி சிலது இன்னும் இங்கிலாந்துல கிடைக்குது. ஆனா அங்க நாலு கதவு ஹெரால்டு செடான் வந்ததே இல்லை, அது நம்ம ஊர் ஸ்பெஷல். அதனால பின் கதவு பீடிங்குக்கு சீமையில தேடிப் பிரயோஜனமில்லை. பழைய பீடிங்ல ரெண்டு அங்குலம் வெட்டி எடுத்துக்கிட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்லயும் புதுப்பேட்டையிலயும் கடை கடையா ஏறினேன். கடைசியில ஒரு கடைக்காரர் துண்டை வெட்டு முகத்தில திருப்பிப் பாத்துட்டு, கிட்டத்தட்ட அதே வடிவத்துல இ.பி.டி.எம். பீடிங் எடுத்துப் போட்டார். பழைய ரப்பர் வெயில்லயும் ஓசோன்லயும் வெடிச்சிடும், இது தாங்கும். ஆனா கிரீஸ், மண்ணெண்ணெய் பட்டா ஊதிடும். தடவறதுன்னா சிலிக்கான் கிரீஸ்தான்.

ஆனா வினிகர் வாசனை வர்ற சிலிக்கான் பேஸ்ட்டைக் கண்ணாடி ஓரத்துல பிதுக்காதீங்க. அதுலேர்ந்து வர்ற அமிலம் தகரத்தை அரிக்கும். பின்னாடி அங்க பெயிண்ட் அடிச்சா மீன் கண் மாதிரி வட்டம் வட்டமா விலகும். இறுகாத சீலன்ட்டுன்னே தனியா இருக்கு.

வரிசை இதுதான்: கண்ணாடி, பீடிங் எல்லாம் கழட்டு, துருவை வெட்டு, புதுத் தகரம் வை, எபாக்சி பிரைமர், பெயிண்ட், கடைசியில புது ரப்பர். ரப்பர் காடியில ஒரு கயிறைச் சுத்தி வெச்சு, சோப்புத்தண்ணி தடவி, ஒருத்தர் வெளியிலேர்ந்து கண்ணாடியை அழுத்த இன்னொருத்தர் உள்ளேர்ந்து கயிறை இழுக்கணும். ரப்பரோட உதடு தகரத்தைத் தாண்டி மடிஞ்சு உக்காரும். பாக்க அவ்வளவு அழகு!

"முழுசா அடிச்சா புது வண்டி மாதிரி ஆயிடும் சார்"னார் பாய். கூரையில இருந்தது பழைய என்.சி. பெயிண்ட், தின்னர் தொட்ட பஞ்சுல கலர் வந்தது. அது மேல பி.யு. அடிச்சா சுருங்கற ஆபத்து இருக்கு, மொத்தமும் சுரண்டணும். அப்பா அப்பதான் வாயைத் திறந்தார். "மழையில நிக்கப்போற வண்டிக்கு எதுக்குப்பா அலங்காரம்? கதவை மட்டும் பாரு." மிச்சமான காசு ரப்பருக்குப் போச்சு. கதவுக்கும் கூரைக்கும் கலர் ஒரு சாயல் வித்தியாசம். வெயில்ல நல்லாவே தெரியும்.

முதல் கனமழை ராத்திரி, நாலு மேட்டுக்கும் அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு வெச்சேன். காலையில மூணு காஞ்சிருந்தது. பின்னாடி இடது பக்கம் மட்டும் ஈரம். பீடிங் ரெண்டு முனையும் சேர்ற இடம் கீழ விழாம மேல வந்திருந்தது. திருப்பிப் போட்டோம், நின்னுடுச்சு. அண்ணன் வந்து மேட்டைத் தூக்கிப் பாத்துட்டு, "சரி, இருக்கட்டும்"னார். எங்க வீட்டுல அதுக்கு மேல பாராட்டு கிடையாது.

உங்க வீட்டுல எந்தப் பழைய வண்டி இருந்தாலும் புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு சொம்புத் தண்ணியைக் கதவுக் கண்ணாடி ஓரமா ஊத்திப் பாருங்க. கதவு அடியிலேர்ந்து சொட்டினா சந்தோஷப்படுங்க. சொட்டலைன்னா பெயிண்டரைக் கூப்பிடாதீங்க, முதல்ல ஒரு ஈர்க்குச்சி எடுத்து அந்த ஓட்டையைக் குத்தி விடுங்க.