புலிகேசி எந்தக் காலத்து ராஜா?



டி.வி.யில் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' எத்தனையாவது தடவையோ ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, இதெல்லாம் எந்த வருஷம் நடந்துச்சு?" என்றாள் ஏழாவது படிக்கும் பேத்தி. சிம்புதேவன் 2006ல் எடுத்த படம், எல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வரலாற்று வாத்தியாருக்கு அது முடியுமா? திரையில் என்ன ஆண்டு போட்டாலும் நம்பாதே, காட்சிகளைச் சாட்சியாக வைத்துக் கண்டுபிடிப்போம் என்றேன்.

முதல் சாட்சி பெயர். புலிகேசி என்பது வாதாபிச் சாளுக்கியர் பெயர். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் வென்றது உங்களுக்கு மறந்திருக்காது (மறந்திருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள்!). தமிழ்ப் பாளையக்காரருக்கு அந்தப் பெயர் ஒட்டாது. அரண்மனையும் சாட்சிக்கு ஆகாது; பழைய ராஜா ராணிப் படங்களின் செட்டைக் கிண்டல் செய்வதற்கென்றே போட்டது அது.

உருப்படியான சாட்சி வெள்ளைக்காரன்தான். பாளையங்கள் மதுரை நாயக்கர் காலத்து ஏற்பாடு. ஆற்காட்டு நவாப்புக்காக வரி வசூலிக்கக் கர்னல் ஹெரான் படையோடு தெற்கே வந்தது 1755ல். பாளையக்காரர்களிடம் தானே கப்பம் வாங்கும் உரிமை கும்பினிக்குக் கிடைத்தது 1792 ஒப்பந்தத்தில். 1801ல் கர்நாடகமே அதன் கைக்குப் போனது; பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். கோட்டையும் இருக்க வேண்டும், படையும் இருக்க வேண்டும், பக்கத்தில் துரையும் இருக்க வேண்டும் என்றால் 1755க்கும் 1801க்கும் நடுவில்தான் கதை நடந்தாக வேண்டும்.

"அப்போ அக்கா மாலா, கப்ஸி?" என்று மடக்கினாள். தண்ணீரில் வாயுவை ஏற்றும் வித்தையை ஜோசப் பிரீஸ்ட்லி கண்டது 1767ல். நம்ம கோலி சோடா பாட்டிலே 1872க்குப் பிறகுதான், கோக் 1886ல். அந்தக் காட்சி புலிகேசி காலத்தது அல்ல, படம் எடுத்த காலத்தது. பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடி, கோக் ஆலை 2004ல் மூடப்பட்டிருந்தது. 2006ல் தியேட்டரில் சிரித்தவர்களுக்கு அது விளங்கியிருக்கும். சாதிச் சண்டைக்கு மைதானம் கட்டிய காட்சிக்கு நான் ஆண்டு சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எனக்கு இந்தப் படத்தில் பெரிதாகப் படுவது வேறு. நம் பாடப்புத்தகத்தில் கப்பம் கட்ட மறுத்தவர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். துரைக்கு இளித்துக்கொண்டு கட்டியவர்கள் ஒரு வரியில் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி ஆசாமியை அரியணையில் உட்காரவைத்து படம் முழுக்கக் காட்டியவர் வடிவேலு. 1959ல் சிவாஜி கட்டபொம்மனாகக் கர்ஜித்ததும் இதே காலம், இதே கும்பினி. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பாளையக்காரர் பாடம் முழுசாகப் புரியும் என்பது என் கட்சி.

பேத்தியின் கடைசிக் கேள்வி: "கட்டுனவங்க நல்லா இருந்தாங்களா தாத்தா?" 1799ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமானின் புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாகவே இருந்தது என்றேன். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நீங்கள் பார்ப்பது 1974ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழையதைக் கும்பினி தரைமட்டம் ஆக்கிவிட்டது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. உங்கள் கண்ணில் வேறு ஏதாவது சாட்சி பட்டிருந்தால் கீழே எழுதுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.