பிரஷர் எவ்வளவு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. (அதற்கு சிவில் துறையில் ஒரு பட்டாளமே இருக்கிறது.) "அப்ப டெக்னிக்கலா ஏதாவது எழுது" என்றார். எனக்கு அனுபவபூர்வமாகத் தெரிந்த டெக்னிக்கல் விஷயம் ஒன்றே ஒன்றுதான். பிரஷர்!

காலை ஆறரை பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. அது ஒரு பிரஷர். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்காமல் லேபுக்குள் நுழைவது இன்னொரு பிரஷர். எம்-1 அரியர் இருக்கிறதே, அது முதலாம் ஆண்டிலிருந்து என்னோடு குடும்பம் நடத்துகிறது. போன மாதம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள், "அரியர் வைத்திருப்பவர்கள் எழுந்து போகலாம்" என்றார்கள். எழுந்து வந்த பதினேழு பேரில் அடியேனும் ஒருவன். வெளியே வந்து டீ குடித்தோம், சிரித்தோம். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. "இன்னைக்குக் கம்பெனிக்காரங்க வந்தாங்களாமே?" என்று அம்மா கேட்பாளே, அதற்குப் பதில் யோசித்தபடியே நான்கு ஸ்டாப்பிங் போய்விட்டது.

ஆனால் நான் எழுத வந்தது இந்தப் பிரஷர்களைப் பற்றி அல்ல. பாதரச மில்லிமீட்டரில் அளக்கிற பிரஷரைப் பற்றி.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்தில் வேலை பார்க்கிறார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து சைக்கிளில் போனால், வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்தாக வேண்டும். பாத்தியில் இறங்கி உப்பு வாருவது என்றால் வெறும் தண்ணீரில் நிற்பது போல அல்ல. காலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் அது எரிகிற எரிச்சல் தனி. மாசியில் சூடு பிடிக்கும் வேலை புரட்டாசியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசி மழை வந்தால் அளத்தில் வேலை கிடையாது. அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயும் கடைக்காரர் தருகிற கடனும்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! மலை மாதிரி குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரமெல்லாம் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போனது. நான் அப்போது முதலாம் ஆண்டு. வெள்ளம் வடிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். காய்ச்சல் மாத்திரை வாங்கப் போன அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ், மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். 180/110.

"எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்றார் அப்பா.

அதுதான் இந்த நோயின் சூட்சுமம் என்று பின்னால் தெரிந்து கொண்டேன். 120/80 சரியான அளவு. 140/90-ஐத் தாண்டி நின்றால் கவனிக்க வேண்டும். தாண்டினாலும் பெரும்பாலானவர்களுக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. மூளையையோ, இதயத்தையோ, சிறுநீரகத்தையோ தாக்கிய பிறகுதான் ஆள் வந்திருப்பதே தெரியும்.

இரண்டாம் ஆண்டில் ஹைட்ராலிக்ஸ் லேபில் யு-டியூப் மானோமீட்டரைப் பார்த்தபோது எனக்கு அந்த முகாமில் இருந்த பழைய பாதரசப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதானே! பாதரசத்தின் ஒப்படர்த்தி 13.6. அப்பாவின் 180 மில்லிமீட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். 2.45 மீட்டர்! எங்கள் வீட்டு வாசல் நிலையைவிட உயரம். அதுவும் கேஜ் பிரஷர், காற்றழுத்தத்தைச் சேர்க்காமலே. இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகிற அழுத்தத்தில் ஒரு மனிதர் ஒன்றும் செய்யலியே என்று சைக்கிள் மிதித்துக் கொண்டிருக்கிறார். 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறியதைக் கண்டு எழுதி வைத்தாராம். கையில் சுற்றுகிற பட்டையை இத்தாலியில் ரிவா ரோச்சி கொண்டு வந்தது 1896-ல்தான். அதுவரை பிழைத்தது மனிதர்களின் அதிர்ஷ்டம்!

வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். "சரிதாம்ல" என்று கேட்டுக் கொண்டார். குதிரைக் கதை மட்டும் பிடித்திருந்தது.

அடுத்து உப்புப் பிரச்சினை. டாக்டர் முதலில் சொன்னதே "உப்பைக் குறைங்க" என்பதுதான். அப்பா சிரித்துவிட்டாராம். "ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொடுக்கவன் வீட்டுல உப்புக்குத் தடையா?" உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு கிலோ உப்பு இருபது நாளில் தீர்கிறது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பன்னிரண்டரை கிராம்! இதில் கருவாடும் ஊறுகாயும் சேரவில்லை. அப்பா அளத்துக்குக் கொண்டு போவதே பழைய சோறும் சுட்ட கருவாடும்தான். அம்மா குழம்பில் உப்பைக் குறைத்தாள். அன்று இரவு தங்கச்சி முதற்கொண்டு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. குழம்பில் பாதி உப்பு, கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும். (மீறல்கள் நடந்தன. சாட்சிகள் உண்டு.)

மாத்திரைக்குச் செலவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவார். அம்லோடிபைன் 5 மில்லிகிராம், தினம் ஒன்று. நானும் தினம் இரவு, "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பேன். "ஆச்சுல" என்பார். நம் கடமை முடிந்தது என்று எம்-1 புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிவிடுவேன்.

2025 ஏப்ரல். போர்டு எக்ஸாமுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த அக்கா வந்து அப்பாவுக்குப் பார்த்தார். 196/114. "ஏண்ணே, மாத்திரை போடுதீயளா இல்லையா?" அப்பா பேசவில்லை. அம்மா உள்ளே போய்ப் பரணிலிருந்து அளத்துக்குக் கொண்டு போகும் பழைய தூக்குவாளியை எடுத்து வந்தாள். உள்ளே பிரிக்காத அட்டைகள். மூன்று மாதத்து மாத்திரை.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? கத்தினேன். படிக்காதவர், சொன்னால் புரியாது என்கிற வார்த்தையும் வந்துவிட்டது. தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னை ஒரு நாளும் அடித்திராத அப்பா அன்றும் அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வேட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டினார்.

"மாத்திரை போட்டா சாயந்தரம் கால் வீங்குது. கால் வீங்கினா மறுநாள் ரப்பர் பூட்ஸ் ஏறல. பூட்ஸ் இல்லாம பாத்தியில எறங்குனா இது..." என்று குதிகால் வெடிப்பைத் தொட்டுக் காட்டினார். "போடாம இருந்தா எனக்கு ஒண்ணும் செய்யல. போட்டாத்தான் செய்யுது. நான் எதை நம்ப?"

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு இன்றும் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. நோய் எந்த அடையாளமும் காட்டவில்லை, மருந்துதான் காட்டியது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன்.

"டாக்டர்ட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. உங்கிட்டச் சொன்னா நீ காலேஜுக்கு லீவு போட்டுட்டு என்னோட அலைவே. உனக்குப் பரீச்சை இருக்குல்லா?"

மறுநாள் லீவு போட்டேன். ரிவிஷன் வகுப்பு இருந்தது, இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அப்பாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது என்று வைத்துக் கொள்ளுங்களேன். அவரோ காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரையில் சிலருக்குக் கால் வீங்குவது தெரிந்த விஷயம்தான், வேறு மாத்திரை இருக்கிறது, தானாக மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். ஈ.சி.ஜி.க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "மாத்திரை போட்டாரான்னு தினம் கேட்டியே தம்பி, போட்டா என்ன செய்யுதுன்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. பதினாறு மாதத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னலோரம் தூங்கிவிட்டார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழுகிறதல்லவா? இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து, பொத்தானை அழுத்தினால் தானே அளக்கிற டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கினேன். டிராயிங் ஷீட்டுக்கு வைத்திருந்த பணம். ஷீட் நண்பன் கொடுத்தான். (பெயர் போட்டால் கடனைக் கேட்பான்.) வீட்டில் முதல் வாரம் திருவிழாதான். தங்கச்சி, பக்கத்து வீட்டு ஆச்சி, பால்காரர் என்று எல்லோர் கையிலும் பட்டை ஏறி இறங்கியது.

இங்கேதான் அடியேனின் வீரம் வெளிப்பட்டது. நவம்பரில் எம்-1 அரியர் பரீட்சைக்கு முந்தின இரவு. மணி பதினொன்று. நெஞ்சு படபடவென்று இருந்தது. சத்தம் போடாமல் கருவியை எடுத்து மாட்டினேன். 152/94! பதினெட்டு வயதில்! மறுபடி பார்த்தேன். 155. மறுபடி 158. பார்க்கப் பார்க்க ஏறுகிறது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, இனி வேலை யார் கொடுப்பார், வீட்டை யார் பார்ப்பார் என்று மனம் ஓடி ஓடி எங்கெங்கோ போனது. ஆறாவது தடவை கருவி ‘பீப்’ என்றபோது அப்பா விழித்துவிட்டார்.

"என்னல செய்யுதே?"

சொன்னேன். எழுந்து வந்து பார்த்தார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

"கையை ஏன் தொங்க விட்டிருக்கே? அந்தப் பொண்ணு எனக்குப் பாக்கும்போது கையை நெஞ்சுக்கு நேரா வைக்கச் சொல்லும். காலைத் தரையில ஊணி, முதுகைச் சாய்ச்சு, அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கணும். நீ படிச்சவம்லா, தெரியாதா?"

தெரியாது என்பதல்ல, பாடத்திலேயே இருக்கிறது! அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் அழுத்தம். கை இதயத்தைவிட இருபது சென்டிமீட்டர் கீழே இருந்தால் அந்த ரத்தக் கம்பத்தின் எடையே சுமார் 15 மில்லிமீட்டர் பாதரசம் கூட்டிக் காட்டும். நான்காம் செமஸ்டரில் இதே கணக்கைப் போட்டு மார்க் வாங்கியவன் நான். அப்பா இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் என் கையை வைத்தார். ஐந்து நிமிஷம் இருவரும் பேசாமல் இருந்தோம். தெருவில் ஒரு நாய் குரைத்தது. பொத்தானை அவரே அழுத்தினார்.

126/80.

"போ, படு. பரீச்சை போனா அடுத்த தடவை எழுது" என்றார்.

ரிசல்ட் இந்த மலர் அச்சாகி வருவதற்குள் வந்துவிடும். வந்தால் யாரும் என்னைத் தேடி வர வேண்டாம், நானே சொல்கிறேன்.

அப்பாவின் கணக்கை என் பழைய ஹைட்ராலிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வருகிறேன். 148/92, 142/90, 138/86 என்று போகிறது. இடையில் ஒன்றிரண்டு ஏற்றம் உண்டு. இப்போது கடைசிப் பத்தியில் ‘கால்’ என்றும் ஒரு தலைப்பு இருக்கிறது. ‘வீக்கம் இல்லை’, ‘லேசாக’, ‘பூட்ஸ் ஏறியது’ என்று எழுதுவேன். போன திங்கட்கிழமை 150 காட்டியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா நோட்டைப் பார்த்துக் கை நீட்டினார்.

"நேத்து கல்யாண வீட்டுல ரெண்டு அப்பளம், ஊறுகாய் கூட. அதையும் எழுதிக்கல."